சேர்வருக்குள்ள செயலியா, செயலிக்குள்ள சேர்வரா?

ஜாவா எழுதுகிறவர்களிடையே ஒரு பழைய சுலோகம் உண்டு. "உங்கட செயலியைக் கொண்டுபோய் ஜெட்டிக்குள்ள வைக்காதேங்கோ, ஜெட்டியைக் கொண்டுவந்து உங்கட செயலிக்குள்ள வையுங்கோ" என்பது அதன் சாரம். முதல்முறை கேட்கிறவருக்கு இது சும்மா சொல்விளையாட்டு மாதிரித்தான் தெரியும். (தமிழில் 'ஜெட்டி' எண்டு எழுதினால் வேறொரு சிரிப்பும் வரும். அதை இப்பவே சிரிச்சு முடிச்சிடுவம், கட்டுரை முழுக்க இந்தப் பெயர் வரப்போகுது.) ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால இருபது வருட இழுபறி இருக்கு. நிரலை எழுதுகிறவர் யார், அதை ஓடவிடுகிறவர் யார், நடுச்சாமத்தில அது விழுந்தால் எழும்பிப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற இழுபறி.

சேர்வர் எண்டால் பலருக்கும் ஏசி அறைக்குள்ள இருக்கிற பெரிய பெட்டிதான் நினைவுக்கு வரும். இங்க பேசப்படுகிறது பெட்டியைப் பற்றி இல்லை, மென்பொருளைப் பற்றி. வெப் சேர்வர் என்ற மென்பொருள் கணினியில ஒரு போர்ட்டில காது குடுத்துக்கொண்டு இருக்கும். பிரவுசர் வந்து "இந்தப் பக்கம் தா" எண்டு கேட்கும், அது குடுக்கும். 1990களின் தொடக்கத்தில அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் முன்பே எழுதிவைத்த கோப்புகள். கணக்குப் பார்த்து, தேடிப் பார்த்து அந்த நேரத்திலேயே பதில் தயாரிக்க வேண்டுமெண்டால், 1993 அளவில் வந்த சி.ஜி.ஐ. என்ற முறையில் சேர்வர் வெளியில இருக்கிற ஒரு சின்ன நிரலைக் கூப்பிடும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புதுப் புரொசஸ். பத்துப் பேர் கேட்டால் பத்துத் தடவை அந்த நிரல் பிறந்து சாகும். வீட்டுக்காரர் சேர்வர், நிரல் வந்து போகிற கூலியாள். இந்த அதிகார ஒழுங்கை மனதில வைத்துக்கொள்ளுங்கோ, பின்னால வரப்போகிற எல்லாம் இதைத் தலைகீழாக்குகிற கதைதான்.

ஜாவா சேர்வருக்கெண்டு பிறந்த மொழியில்லை. 1991 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில ஜேம்ஸ் கொஸ்லிங் இருந்த குழு, வீட்டு மின்சாதனங்களுக்கெண்டு 'ஓக்' என்ற பெயரில் தொடங்கிய வேலை அது. சாதனக் கம்பனிகள் பெரிதாக அசையவில்லை. இடையில வெப் வந்தது. 1995 மே 23 அன்று 'ஜாவா' என்ற புதுப் பெயரோடு அது வெளியுலகத்துக்கு வந்தபோது, எல்லாரும் பார்த்து வாய் பிளந்தது பிரவுசருக்குள்ள அசைகிற அப்ளெட்டுகளைத்தான். அந்த அப்ளெட்டுகள் இன்றைக்கு மியூசியப் பொருள். ஜாவாவின் உண்மையான வாழ்க்கை சேர்வர் பக்கம் தொடங்கினது.

அதே 1995 இல் அவுஸ்திரேலியாவில கிரெக் வில்கின்ஸ் என்ற மென்பொருளாளர் ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தார். பெயர் 'இஷ்யூ ட்ரக்கர்', அதாவது எங்க என்ன பழுது, யார் பார்க்கிறார் எண்டு பதிந்து வைக்கிற செயலி. அதைப் பிரவுசரில பார்க்க வேண்டும். அதுக்கு எச்.டி.டி.பி. பேசத் தெரிந்த ஒரு பகுதி தேவை. அந்தப் பகுதியை அவர் ஜாவாவிலேயே எழுதி, செயலிக்குள்ளேயே வைத்தார். பிறகு செயலியை விட அந்தப் பகுதிக்குத்தான் மவுசு கூடியது. முதலில் அது செயலியின் பெயரிலேயே அழைக்கப்பட்டது, பிறகு 'எம்.பி. சேர்வ்லர்' என்ற நாக்குச் சுளுக்குகிற பெயர் வந்தது. ஆருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் 'ஜெட்டி' ஆனது. வில்கின்ஸின் நிறுவனத்தின் பெயர் மோர்ட் பே கன்சல்டிங். மோர்ட் பே என்பது சிட்னியில் பல்மெயின் பகுதியில் உள்ள ஒரு குடா, 1855 இலேயே கப்பல் திருத்துகிற துறை திறக்கப்பட்ட இடம். குறிகட்டுவானில படகுக்குக் காத்து நின்றவர்களுக்கு ஜெட்டி எண்டால் என்னவெண்டு சொல்லத் தேவையில்லை. குடாவின் பெயரோடு தொடங்கின சேர்வருக்கு இறங்குதுறையின் பெயர் நல்லாத்தான் பொருந்துது.

இந்தப் பிறப்பைக் கவனிக்க வேண்டும். இப்ப பல அறிமுகங்களில் 'எம்பெட் பண்ணுகிற சேர்வர்' என்பது 2010களில் வந்த புது யோசனை மாதிரிச் சொல்லப்படுது. ஜெட்டி பிறந்ததே ஒரு செயலியின் வயிற்றுக்குள்ள. தனியாக நிற்கிற பழக்கம்தான் அதுக்குப் பிறகு வந்தது.

சன் நிறுவனம் வேறு பாதையில போனது. 'ஜீவ்ஸ்' என்ற பெயரில ஒரு சேர்வரைத் தொடங்கி, அதை 'ஜாவா வெப் சேர்வர்' ஆக்கியது. அதோடு 1997 இல் சேர்வ்லெட் என்ற ஒழுங்குமுறையும் வந்தது. சேர்வ்லெட் என்பது சேர்வருக்கும் உங்கட நிரலுக்கும் இடையில ஒரு ஒப்பந்தம்: கேள்வி வந்தால் இந்தப் பெயருள்ள முறையை நான் கூப்பிடுவன், பதிலை நீ இந்தப் பொருளில எழுது. ஒவ்வொரு கேள்விக்கும் புதுப் புரொசஸ் தேவையில்லை, ஒரே ஜாவா இயந்திரத்துக்குள்ள திரெட்டுகளே வேலையைப் பார்த்துவிடும். சி.ஜி.ஐ.யோடு ஒப்பிட்டால் பெரிய பாய்ச்சல்.

அந்த ஒழுங்குமுறைக்கு முன்மாதிரியாகச் சன்னில ஒரு சேர்வரை எழுதியவர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன். 1999 இல் அது அப்பாச்சி அமைப்புக்குக் குடுக்கப்பட்டு 'டொம்கட்' ஆனது. பெயர்க் கதை சுவாரசியம். ஓ'ரைலி பதிப்பகத்தின் கணினிப் புத்தகங்களில் அட்டையில ஒரு விலங்கு இருக்கும். தன்ர மென்பொருளுக்கும் ஒருநாள் புத்தகம் வரும், அப்ப அட்டையில ஒரு விலங்கு வேணும் எண்டு யோசித்து, தன்னைத்தானே பார்த்துக்கொள்ளக்கூடிய விலங்காகக் கடுவன் பூனையைத் தெரிந்தார். 2003 இல் புத்தகம் வந்தது. பூனை ஏற்கெனவே வேறொரு புத்தகத்துக்குப் போய்விட்டபடியால் அட்டையில பனிச்சிறுத்தை வந்து நின்றது.

1999 இல் இன்னொன்றும் வந்தது: வோர் கோப்பு. செயலியின் பக்கங்கள், நிரல், அமைப்புகள் எல்லாத்தையும் ஒரே பொதியாகக் கட்டி, சேர்வரின் ஒரு கோப்புறையில போட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அதே வருடக் கடைசியில ஜே2ஈஈ என்ற பெரிய சட்டப்புத்தகமும் வெளியானது. வெப்லொஜிக், வெப்ஸ்பியர் மாதிரியான விலைகூடிய சேர்வர்களின் காலம் தொடங்கியது.

இதை ஒரு கலியாண மண்டபம் மாதிரி யோசியுங்கோ. மண்டபம் ஏற்கெனவே இருக்கு. கதிரை, சமையல் பாத்திரம், ஜெனரேட்டர் எல்லாம் அங்கேயே. நீங்கள் மாப்பிள்ளை பொம்பிளையோட போனால் சரி. அதே மண்டபத்தில பக்கத்து ஹோலில வேறொரு வைபவமும் நடக்கலாம். ஒரு சேர்வர், அதுக்குள்ள பல செயலிகள். தரவுத்தள இணைப்பு, பாதுகாப்பு, பதிவேடு எல்லாம் மண்டபக்காரரின் பொறுப்பு. இப்ப திரும்பிப் பார்த்து இதை முட்டாள்தனம் எண்டு சொல்வது லேசு. அந்த நேரத்துக்கு அதில நியாயம் இருந்தது. பெரிய கணினிகள் விலை கூட, நினைவகம் விலை கூட, ஒரு ஜாவா இயந்திரம் ஓடவே நிறைய இடம் வேணும். ஆறு செயலிக்கு ஆறு இயந்திரம் ஓட்டுவது வீண்செலவு. நிறுவனங்களிலும் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. டெவலப்பர் வோர் கோப்பைக் கட்டிக் குடுப்பார், நிர்வாகி அதை வாங்கி ஏற்றுவார். இருவரும் சந்திக்கிறது ஏதாவது பிழைச்ச பிறகுதான்.

பிழை அடிக்கடி வந்தது. டெவலப்பரின் கணினியில டொம்கட் ஒரு பதிப்பு, உண்மையான சேர்வரில வேறொரு பதிப்பு. செயலி ஒரு நூலகத்தைக் கொண்டுவரும், சேர்வரிடமும் அதே நூலகத்தின் பழைய பதிப்பு இருக்கும், எது ஏற்றப்படும் எண்டு கண்டுபிடிக்க ஒரு பகல் போகும். இன்னுமொரு தலையிடி: சேர்வரை நிற்பாட்டாமலே செயலியை மட்டும் புதுப்பிக்கலாம் எண்டுதான் வாக்குறுதி. ஆனால் பழைய செயலியின் ஏதோ ஒரு நூல் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தால் அதன் வகுப்புகள் எல்லாம் நினைவகத்தை விட்டுப் போகாது. நாலைந்து முறை புதுப்பித்தால் 'பேர்ம்ஜென்' என்ற நினைவகப் பகுதி நிரம்பி முழுச் சேர்வரும் விழும். பக்கத்து ஹோல் கலியாணமும் அதோட குழம்பும். அந்தப் பகுதியே 2014 இல் ஜாவா 8 வந்தபோது எடுக்கப்பட்டது. அதுவரைக்கும் பல இடங்களில் நடைமுறை என்னவெண்டால், வாக்குறுதியை மறந்து, ஒவ்வொரு முறையும் சேர்வரை நிற்பாட்டித் திருப்பி எழுப்புவது.

இந்த மண்டபக் காலம் முழுக்க, மற்றப் பக்கம் அமைதியாக வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜெட்டியை ஒரு சாதாரண நூலகம் மாதிரி எடுத்து, தன்ர நிரலுக்குள்ள ஐந்தாறு வரியில கூப்பிடலாம். 8080 ஆம் போர்ட்டில ஒரு சேர்வர் பொருளை உருவாக்கு, கேள்வி வந்தால் யாரிடம் குடுக்க வேணும் எண்டு சொல்லு, தொடங்கு, அது நிற்கும்வரை காத்திரு. அவ்வளவுதான். (ஏன் எப்பவும் 8080? யுனிக்ஸ் கணினிகளில 1024 க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்க ரூட் அதிகாரம் வேணும். வெப்பின் வழக்கமான 80 கிடைக்காத சாதாரண ஆளுக்கு அதை இரண்டு முறை எழுதினது மாதிரி ஒரு எண்.)

இந்த ஐந்தாறு வரிக்குள்ள நடக்கிற மாற்றம் என்ன? ஜாவா நிரல் ஒன்று 'மெயின்' என்ற முறையில தொடங்கும். அதுதான் வாசல். வோர் கோப்பாகக் கட்டுகிற செயலியில மெயின் கிடையாது. மெயின் சேர்வரிடம் இருக்கு, உங்கட நிரல் அது கூப்பிடும்வரை காத்திருக்கும். சேர்வரை உள்ளே பதித்தால் மெயின் திரும்ப உங்கட கையில வருது. எப்ப தொடங்க வேணும், எந்தப் போர்ட், எத்தனை திரெட், முதலில் தரவுத்தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவு திறக்கிறதா எல்லாம் உங்கட முடிவு. சோதனை எழுதும்போது சேர்வரை ஒரு நொடிக்கு எழுப்பி, ஒரு கேள்வி கேட்டுப் பார்த்து, திருப்பி மூடலாம். சாதாரண டெவலப்பருக்கு இதுதான் முதல் ருசி எண்டு நினைக்கிறன். பெரிய கட்டமைப்புக் கோட்பாடுகள் எல்லாம் பிறகு வந்த விளக்கங்கள்.

இப்படிப் பதித்த சேர்வர்கள் பலருக்குத் தெரியாமலே பல இடத்தில ஓடின. எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதுகருவியில உதவிப் பக்கத்தைத் திறந்தால், அது இணையத்தில இருந்து வரவில்லை. கருவிக்குள்ளேயே ஒரு சின்ன சேர்வர் ஓடி அந்தப் பக்கத்தைக் குடுத்தது. முதலில் டொம்கட், 2007 இல் இருந்து ஜெட்டி. பெருந்தரவு காலத்தின் ஹடூப்பிலும் நிலைமையைப் பார்க்கிற பக்கங்களுக்குப் பின்னால ஜெட்டிதான். 2006 கடைசியில வந்த ஜாவா 6 தன்னோடேயே ஒரு சின்ன எச்.டி.டி.பி. சேர்வரைக் கொண்டுவந்தது, பெரிதாக ஆரும் கொண்டாடவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் ஹட்சன். சன்னில வேலைசெய்த கோசுகே கவாகுச்சி 2004 இல் தொடங்கினது. குழுவில ஆராவது எழுதின நிரல் மற்றவர்களின் வேலையை உடைக்குதா எண்டு திரும்பத் திரும்பச் சோதிக்கிற கருவி. 2011 இல் ஓரக்கிளோடு பெயருரிமைச் சண்டை வந்து 'ஜென்கின்ஸ்' ஆகியது. அதை அவர் வோர் கோப்பாகத்தான் வெளியிட்டார். ஆனால் அந்த வோருக்குள்ளேயே 'வின்ஸ்டன்' என்ற குட்டிச் சேர்வரையும் வைத்திருந்தார், பின்னாளில் ஜெட்டி அந்த இடத்துக்கு வந்தது. மண்டபம் இருந்தால் அங்க போகலாம், இல்லாட்டி ஒரு வரிக் கட்டளையில தானே எழும்பி நிற்கும். மண்டபத்தையே மடிச்சுப் பைக்குள்ள கொண்டுவந்த விருந்தாளி. ஒரு கருவியை முயன்று பார்க்க இரண்டு நாள் நிறுவல் தேவையா, இரண்டு நிமிடம் போதுமா என்பது அது பரவுமா இல்லையா என்பதையே தீர்மானிக்கும். ஜென்கின்ஸ் பரவினதில அந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு இருக்கு.

பிறகு 2011. காற்று மாறின வருடம். முழுக் கணினியை வாங்காமல் மேகத்தில வாடகைக்கு எடுக்கிற பழக்கம் பரவியிருந்தது. ஹெரோக்கு என்ற தளம் அந்த வருடம் ஜாவாவுக்கும் இடம் குடுத்தது, 'கொண்டெய்னர் தேவையில்லை, உங்கட நிரலை ஓடவிடுங்கோ' என்ற தோரணையில. அங்க வேலைசெய்த அடம் விக்கின்ஸ் எழுதின பன்னிரண்டு காரணிகளில் ஏழாவது, செயலி தானே ஒரு போர்ட்டைத் திறந்து நிற்க வேண்டும் என்பது. ஜாவாவுக்கு அதில சொல்லப்பட்ட உதாரணம் ஜெட்டி. யாமர் நிறுவனத்தில இருந்து கோடா ஹேல் டிரொப்விசார்ட்டை வெளியிட்டதும் அதே வருடம்தான், அதுக்குள்ளயும் ஜெட்டி. டொம்கட்டும் சும்மா இருக்கவில்லை. ஏழாவது பதிப்பில, உள்ளே பதிப்பதற்கெண்டு ஒரு எளிய வகுப்பைச் சேர்த்துக்கொண்டது.

2012 ஒக்டோபரில் ஸ்பிரிங் என்ற பிரபலமான ஜாவா கட்டமைப்புக் குழுவிடம் ஒரு டெவலப்பர் ஒரு கோரிக்கை வைத்தார்: கொண்டெய்னர் இல்லாத வெப் செயலிகளுக்கு ஆதரவு தாங்கோ, மெயினில இருந்தே எல்லாம் தொடங்க வேணும். அதுக்குப் பதிலாக வந்ததுதான் ஸ்பிரிங் பூட். முதற்பதிப்பு 2014 ஏப்ரல். உள்ளே பதித்த டொம்கட், 8080, ஒரே ஒரு ஜார் கோப்பு. ஸ்பிரிங்கின் பிரசாரகர் ஜோஷ் லோங் 'வோர் வேண்டாம், ஜார் செய்' எண்டு பழைய சமாதானக் கோஷத்தைத் திருப்பிப் போட்டு மேடை மேடையாகச் சொன்னார். 2013 இல் வந்த டொக்கரும் இதோட நல்லா ஒத்துப்போனது. 2015 இல் சோலர் என்ற தேடற்பொறி வோராக வெளியிடுவதையே நிற்பாட்டியது. மண்டபங்கள் மூடவில்லை, வங்கிகளிலும் அரசாங்கங்களிலும் இப்பவும் நடக்குது. புதுக் கலியாணங்கள்தான் வருவதில்லை.

வெற்றிக்குக் காரணம் யோசனையின் அழகு எண்டு நான் நம்பவில்லை. அழகு 1995 இலேயே இருந்தது. நினைவகம் மலிந்ததும், கணினியை மணித்தியாலக் கணக்கில வாடகைக்கு எடுக்க முடிந்ததும்தான் ஆறு செயலிக்கு ஆறு டொம்கட் ஓட்டுவதை வீண்செலவு என்ற பட்டியலில இருந்து எடுத்தது. அதோட மண்டபக்காரரின் வேலை இல்லாமல் போகவில்லை, அது டெவலப்பரின் தலையில ஏறியது. அது எவ்வளவு பாரம் என்பது பிறகுதான் தெரிந்தது.

2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஷெல் வந்தது. ஜாவா உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒரு பதிவேட்டு நூலகத்தில ஓட்டை, ஆபத்து அளவுகோலில பத்துக்குப் பத்து. நிர்வாகிகள் தங்கட கணினிகளில அந்த நூலகத்தின் கோப்பைத் தேடினார்கள். பல இடத்தில கிடைக்கவில்லை, ஏனெண்டால் அது ஜாருக்குள்ள இருக்கிற ஜாருக்குள்ள இருந்தது. எல்லாத்தையும் ஒரே பொதியாகக் கட்டுகிற வசதி, உள்ளே என்ன இருக்கு எண்டு வெளியில இருந்து பார்க்க முடியாத வசதியும்தான்.

அடுத்த மார்ச்சில நேரெதிர் அனுபவம். ஸ்பிரிங்ஃபோர்ஷெல் என்ற ஓட்டைக்கு வெளிவந்த தாக்குதல் முறை, வோராகக் கட்டித் தனி டொம்கட்டில ஏற்றின செயலிகளில்தான் வேலை செய்தது. வழக்கமான ஸ்பிரிங் பூட் ஜார் அந்த முறைக்குத் தப்பியது. பிறகு 2023 ஒக்டோபரில் எச்.டி.டி.பி. 2 ஒழுங்குமுறையையே துஷ்பிரயோகம் செய்கிற 'ரபிட் ரீசெற்' தாக்குதல் வெளியில தெரிந்தது. டொம்கட், ஜெட்டி இரண்டுக்கும் திருத்தம் வந்தது. பழைய முறையில் எண்டால் நிர்வாகி ஒரு சேர்வரைப் புதுப்பித்தால் அதுக்குள்ள இருக்கிற எல்லாச் செயலிகளுக்கும் அது போய்ச் சேரும். பதித்த முறையில் ஒவ்வொரு செயலியையும் திரும்பக் கட்டி, சோதித்து, ஏற்ற வேண்டும். நாற்பது சின்னச் சேவை வைத்திருக்கிற நிறுவனம் நாற்பது தடவை. எழுதின ஆள் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகியும் ஓடிக்கொண்டிருக்கிற செயலியின் டொம்கட்டை ஆர் புதுப்பிக்கிறது? வோர் காலத்தில இந்தக் கேள்விக்கு ஒரு பதவிப் பெயர் பதிலாக இருந்தது.

இந்தக் கதையில எங்கட நாட்டுக்கும் ஒரு மூலை இருக்கு. 2005 இல் சஞ்சீவ வீரவர்ணவும் சகாக்களும் கொழும்பை மையமாக வைத்துத் தொடங்கின டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் பழைய தயாரிப்புகளை இறக்கிப் பார்த்தால், அமைப்புக் கோப்புறைக்குள்ள 'டொம்கட்' எண்டே ஒரு கோப்புறை கிடக்கும். 'கார்பன்' என்ற அவர்களின் அடித்தளத்துக்குள்ள டொம்கட் பதிக்கப்பட்டிருந்தது. வாங்குகிற வங்கிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தனிச் சேர்வர் வேண்டாம், பொதியை விரித்து ஓடவிட்டால் சரி.

அதே நிறுவனம் 2017 இல் பலரினா என்ற நிரல்மொழியை அறிவித்து, 2019 செப்டெம்பரில் அதன் 1.0 பதிப்பை வெளியிட்டது. அதில சேர்வர் என்ற எண்ணம் மொழிக்குள்ளேயே இருக்கு. மற்ற மொழிகளில வகுப்பு, செயற்பாடு என்பதெல்லாம் மொழியின் சொற்களாக இருக்கிற மாதிரி, இங்க 'சேர்விஸ்', 'லிசனர்' என்பவையும் மொழியின் சொற்கள். போர்ட் எண்ணைக் குடுத்து ஒரு சேர்விஸ் எழுதினால் போதும், மெயின்கூடத் தேவையில்லை. கட்டி முடித்தால் கையில வருவது ஒரு ஜார், சேர்வர் அதுக்குள்ள.